மங்கலாக ஒரு கோடு

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ஜூன் மாதம் எட்டு வாரம் உகாண்டா போகிறேன். அங்கே ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மலேரியா ரேபிட் டெஸ்ட் (ஒரு துளி ரத்தத்தை வைத்தால் மலேரியா உண்டா என்று கோடு காட்டும் சின்னக் கிட்) எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று நுண்ணோக்கி முடிவோடு ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். மாணவியாக இருந்தபோது நீங்களும் அங்கே இதே வேலையைச் செய்ததாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். என் அறைத்தோழி கேட்கிறாள்: "அந்தக் கிட்டை எத்தனையோ பேர் சோதித்து முடித்துவிட்டார்கள். நீ போய்ப் புதிதாக என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்? உன் பட்டத்துக்காக அந்த ஊர்க் குழந்தைகள் விரலில் குத்து வாங்கணுமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ந.

அன்புள்ள ந.,

உங்கள் அறைத்தோழியை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் கேட்டதில் பாதி நியாயம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200 ஒட்டுண்ணி இருந்தால் நல்ல கிட் அநேகமாகப் பிடித்துவிடும். அதை நீங்கள் உகாண்டா வரைக்கும் போய் நிரூபிக்க வேண்டாம். ஆனால் அந்த முடிவு வந்தது ஆய்வகத்தில், பயிற்சி பெற்ற கையில், நல்ல வெளிச்சத்தில். நீங்கள் போகிற இடத்தில் இந்த மூன்றில் எது இருக்கும் என்பது அன்றன்றைக்கு மாறும்.

நான் போனது 2012-இல். மலேரியா என்று சந்தேகப்படும் எல்லோருக்கும் டெஸ்ட் செய்த பிறகே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொல்லியிருந்தது. அதுவரை ஆப்பிரிக்காவில் பல ஊர்களில், காய்ச்சல் என்று வந்த குழந்தைக்கு மலேரியா மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். கம்பாலாவிலிருந்து மசாக்கா போகும் சாலையில் பூமத்திய ரேகையைத் தாண்டி, அப்புறம் செம்மண் பாதையில் போனால் நான் வேலை பார்த்த நிலையம். பெயர் வேண்டாம்.

திங்கட்கிழமை என்றால் கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். டெஸ்ட் செய்ய ஒரே ஒரு நர்ஸ். விரலில் குத்தி, 5 மைக்ரோலிட்டர் ரத்தத்தை (ஒரு சின்னத் துளிதான்) ஒரு குழியில் வைத்து, இன்னொரு குழியில் பஃபரை (ரத்தத்தைக் கிட்டுக்குள் ஓடவைக்கும் திரவம்) சொட்டுவிட்டு, கிட்டை ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. சுவரில் இருந்த கடிகாரம் ஓடி எத்தனை நாளானதோ! அவர் திரும்பி வரும்போது பார்ப்பார். சில சமயம் ஐந்து நிமிடம், சில சமயம் முக்கால் மணி நேரம். சீக்கிரம் பார்த்தால் கோடு இன்னும் எழுந்திருக்காது. ரொம்ப நேரம் விட்டால் இல்லாத கோடு தெரியும். பஃபரிலும் ஒரு சிக்கல். வேறு கம்பெனி கிட் வந்திறங்கிய வாரம் பழைய பாட்டிலையே பயன்படுத்தினார்கள். ஒரு கம்பெனிக்கு இரண்டு சொட்டு என்றால் இன்னொன்றுக்கு நான்கு. ஒன்றின் பஃபர் மற்றதற்கு ஆகாது.

இதையெல்லாம் என் நோட்டில் "தவறு" என்ற தலைப்பில் எழுதி வைத்தேன். மூன்றாவது வாரம் நர்ஸ் சிரித்துக்கொண்டே மேஜையை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு மணி நேரத்தில் எந்தக் கிட் எந்தக் குழந்தையுடையது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அன்று மாலை அந்தத் தலைப்பை அடித்துவிட்டேன்.

மங்கலாக வரும் கோடு இன்னொரு தலைவலி. அழுத்தமாக வந்தாலும் நூலிழை போல வந்தாலும் டெஸ்ட் கோடு டெஸ்ட் கோடுதான், மலேரியா உண்டு என்று எழுத வேண்டும். நர்ஸ் அதைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "கொஞ்சம் மலேரியா" என்பார். நான்கூட இரண்டொரு முறை மனசுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. ஒப்பிடுவது என்றால் நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கிட் முடிவு தெரியக் கூடாது. வகுப்பில் படித்த பாடம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிட் முடிவை எழுதிய அதே சீட்டை ஸ்லைடோடு (நுண்ணோக்கியில் பார்க்க ரத்தம் பூசிய கண்ணாடித் தகடு) சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு லேபுக்கு அனுப்பினேன். முதல் வாரம் இரண்டு முடிவுகளும் அழகாக ஒத்துப்போயின. கொஞ்சம் அதிகமாகவே ஒத்துப்போயின. லேப் டெக்னீஷியன் நல்ல மனிதர். சீட்டில் "உண்டு" என்று இருந்தால், கிடைக்கும் வரை தேடியிருக்கிறார். ஒரு வார வேலை குப்பைக்குப் போனது. எட்டு வாரத்தில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயமா?

சரி, கிட் சரியாகவே சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு இன்றும் மறக்காதது. லுகாண்டா மொழியில் ஒமுசுஜ்ஜா என்றால் காய்ச்சல். மலேரியாவுக்கும் பேச்சில் அதே சொல்தான். தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் கொசுக் காய்ச்சல் என்று ஒட்டுச் சொல் சேர்ப்பார்கள், ஆனால் யார் சேர்க்கிறார்கள்? குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு தாயிடம், தொட்டால் கொதிக்கிற அந்தக் குழந்தைக்கு ஒமுசுஜ்ஜா இல்லை என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மலேரியா மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். அலமாரியில் அதைத் தவிர இருந்தது பாராசிட்டமால் மட்டும்.

இது அந்த ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை. வடகிழக்குத் தான்சானியாவில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், கிட் "இல்லை" என்று சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலேரியா மருந்து எழுதப்பட்டிருந்தது. நுண்ணோக்கி "இல்லை" என்றபோதும் அதே பாதிதான். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தப் பழக்கம் பல இடங்களில் குறைந்தது, ஆனால் ஆன்டிபயாடிக் ஏறியது. வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே உங்கள் படிவத்தில் கிட் முடிவுக்கும் ஸ்லைடு முடிவுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: என்ன மருந்து கொடுத்தார்கள்? எனக்கு அது ஐந்தாவது வாரம்தான் தோன்றியது.

"சோதித்து முடித்துவிட்டார்கள்" என்பதற்கு வருகிறேன். மலேரியாவில் எதுவும் அப்படி முடிவதில்லை. அங்கே அதிகம் பயன்படும் கிட்கள் தேடுவது ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வெளிவிடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தை. குழந்தை குணமான பிறகும் அது சில வாரம் ரத்தத்தில் தங்கும். போன மாதம் மலேரியா வந்து போன குழந்தைக்கு இன்று நிமோனியா என்றாலும் கிட் "உண்டு" என்று சொல்லலாம். உங்கள் கணக்கில் அது கிட்டின் பிழையாக வரும். அதனால் போன மாதம் மலேரியா மருந்து சாப்பிட்டதா என்று கேட்டு எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. பெருவின் அமேசான் பகுதியில் இருப்பதாக 2010-இல் தெரிந்தது. அப்புறம் எரித்திரியாவில் நுண்ணோக்கியில் கண்ணுக்கெதிரே ஒட்டுண்ணி தெரிய, கிட்டில் கோடு வராத நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்த நாடு வேறு வகைக் கிட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஆள் இருந்ததால்தான் அது தெரியவந்தது. நீங்கள் அப்படிப் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அந்த ஆசை வேண்டாம். ஆனால் செய்யப் போவது அதே வகை வேலை.

விரல் குத்து விஷயத்தில் தோழி கேட்டது சரி. அதற்கு வழி, காய்ச்சலோடு வந்து எப்படியும் டெஸ்ட் செய்யப்போகிற குழந்தைகளை மட்டும் சேர்ப்பது. ஒரே குத்தில் கிட்டுக்கும் ஸ்லைடுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிடலாம். உங்களுக்காகத் தனிக் குத்து வேண்டாம். அனுமதி வேலையை இப்போதே தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழு மட்டும் போதாது, அங்குள்ள நெறிக்குழுவும் உகாண்டாவின் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலும் அனுமதிக்க வேண்டும். இது இல்லாமல் போய் இறங்கினால் எட்டு வாரமும் அலுவலக பெஞ்சில் கழியும்.

என் அறிக்கை பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்த நர்ஸ் அதைப் பார்த்ததில்லை. கிளம்பும் அவசரத்தில் கைகுலுக்கிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். நீங்கள் கடைசி வாரத்தில் ஒரு மதியத்தை ஒதுக்கிவைத்து, எண்களை அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பெட்டியில் வைக்க: சமையலறை டைமர் நான்கைந்து, மலிவானதே போதும், திரும்பும்போது விட்டுவிட்டு வரலாம். நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று, மங்கலான கோட்டுக்கு. அப்புறம் பென்சில். ஸ்லைடில் எண்ணைப் பேனாவால் எழுதாதீர்கள், ரத்தப் பூச்சு கண்ணாடியில் நிலைக்க மெத்தனாலில் தோய்த்ததும் மை அழிந்துவிடும். எனக்கு அப்படிப் போனது பதினொன்று.