குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமையப் பூமத்திய ரேகைதான் காரணமா?

தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இஸ்ரோ தனது இரண்டாவது ஏவுதளத்தை அங்கே கட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து செய்திகளிலும் பள்ளி வினாடி வினாக்களிலும் இந்த விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் கரையோரத்தில் நடக்கும் இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பிள்ளைகள் தவறான காரணத்தை மனப்பாடம் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையான காரணம் இதைவிட அழகானது. உலக வரைபடத்தை விரித்து வைத்தால் எவருக்கும் புரிந்துவிடும்.

முதலில் பூமத்திய ரேகைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிற்கும் பொருளுக்கு அந்தச் சுழற்சியால் வினாடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகம் கிடைக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அது ஏறத்தாழ 452 மீட்டர், குலசேகரப்பட்டினத்தில் ஏறத்தாழ 460. வித்தியாசம் 8 மீட்டர். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு வினாடிக்கு 7,600 மீட்டர் வேகம் வேண்டும். அதில் இந்த 8 மீட்டருக்காக யாராவது 2,200 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுப்பார்களா?

அந்த 8 மீட்டரும் கிழக்கு நோக்கிப் போகும் ராக்கெட்டுக்குத்தான் உதவும். குலசேகரப்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் தெற்கு நோக்கிப் போகப்போகின்றன. பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. அவை ஓர் இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே ஏறத்தாழ அதே உள்ளூர் நேரமாக இருக்கும். அதனால் நிழல் ஒரே மாதிரி விழும். இன்று எடுத்த படத்தையும் அடுத்த மாதம் எடுக்கும் படத்தையும் ஒப்பிட்டுப் பயிரையோ ஏரியையோ அளவிட முடியும். பூமத்திய ரேகையிலிருந்து அளந்தால் இந்தப் பாதையின் சாய்வு சுமார் 98 டிகிரி. அதாவது நேர்த் தெற்கைவிடச் சற்றே மேற்காகப் போக வேண்டும். பூமி தரும் கிழக்கு வேகம் அங்கே வரவு ஆகாது, செலவுதான்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்த் தெற்காக ஒரு கோடு இழுங்கள். சென்னைக் கரையை உரசிக்கொண்டு போகும் அந்தக் கோடு, யாழ்ப்பாணத்துக்குச் சற்றுக் கிழக்கே இலங்கைக்குள் நுழைந்து, கிட்டத்தட்டக் காலி நகரில் வெளியேறும். எரிந்து முடிந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழ வேண்டிய ராக்கெட்டை மக்கள் வாழும் தீவின் மேல் அனுப்ப முடியாது. ஆகவே இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் துருவப் பாதைக்குக் கிளம்பும்போது முதலில் தென்கிழக்காகப் போகிறது. இலங்கைக்குக் கிழக்கே ஒதுங்கிய பிறகு, பறந்துகொண்டே தெற்குப் பக்கம் திரும்புகிறது.

அந்தத் திருப்பத்துக்கு என்ன விலை? வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒன்றை, வேகம் மாறாமல் 20 டிகிரி மட்டும் திருப்பிப் பாருங்கள். வெக்டர் கணக்குப்படி வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான வேக மாற்றம் தேவைப்படும். நடைமுறையில் முடுக்கிக்கொண்டே திருப்புவதால் இழப்பு இதைவிடக் குறையும். அப்படியும் 8 மீட்டர் லாபத்தை இதன் பக்கத்தில் வைத்தால் எது பெரிய விஷயம் என்பது தெளிவு. 44 மீட்டர் உயரமும் சுமார் 320 டன் எடையும் கொண்ட பி.எஸ்.எல்.வி. இந்தச் செலவைத் தாங்கிக்கொள்ளும். குலசேகரப்பட்டினத்திலிருந்து போகவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரமும் சுமார் 120 டன் எடையும்தான்; அதற்கு அது பெரும் பாரம். அந்தச் சிறிய ராக்கெட்டே 500 கிலோவரைதான் தூக்கும். திருப்பத்துக்கு எரிபொருளைக் கொடுத்தால், செயற்கைக்கோளின் எடையைத்தான் வெட்ட வேண்டும்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் மூன்று பயணங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் தோல்வி, 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் வெற்றி. மூன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வுப் பாதைக்குத்தான் ஏவப்பட்டன; ஒன்றுகூடத் துருவப் பாதைக்கு அல்ல.

குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே கோடு இழுத்தால் இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது, மாலத்தீவு மேற்கே ஒதுங்கிவிடுகிறது. பிறகு தென்கோடிப் பெருங்கடலில் ஒன்றிரண்டு சின்னஞ்சிறு தீவுகள். அவற்றுக்கும் அப்பால் அண்டார்க்டிகா. திருப்பமே வேண்டாம். இந்தியாவில் இப்படியொரு கடற்கரை கிடைப்பது எளிதல்ல. அதே காரணத்தால் இது ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மாற்றும் ஆகாது. இங்கிருந்து கிழக்கே ஏவினால் இலங்கை குறுக்கே நிற்கும்; தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாதான் சரி.

குழப்பம் தும்பாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய, கேரளத்தின் தும்பாவும் ஏறக்குறைய இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தேடியது புவிக்காந்த நடுக்கோட்டை, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோட்டை. அதன் மேலே, உயர்ந்த வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அந்த இடம் பொருத்தமாக இருந்தது. இஸ்ரோவின் எந்திரச் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதையும் காரணமாகச் சொல்வார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மகேந்திரகிரி திரவ எரிபொருள் எந்திரங்களுக்குப் பெயர் பெற்றது, எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கிய அடுக்குகளும் திட எரிபொருளில் ஓடுபவை.

தெற்கே கடல் காலியாக இருப்பதுதான் இந்த இடத்தின் பலம் என்றேன். கரையை ஒட்டிய கடல் காலி அல்ல. மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை மீனவர்கள் தினமும் வலை விரிக்கும் கடல் அது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துகிறார்கள். ஏவும் நேரம் தள்ளிப்போனால் அந்த நாளின் வருமானம் மறுபடியும் போகிறது. சிறிய ராக்கெட்டுகளை அடிக்கடி ஏவுவதற்காகவே குலசேகரப்பட்டினத்தைக் கட்டுகிறார்கள். அப்படியானால் தடை நாட்களும் அடிக்கடி வரும். எனவே எந்தப் பகுதி மூடப்படும், எத்தனை மணி நேரம், எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிப்பார்கள், தொழில் நின்ற நாளுக்கு என்ன இழப்பீடு என்பதையெல்லாம் முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே தமிழில் எழுதி ஒவ்வொரு மீனவர் ஊர்க் கமிட்டியின் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.