பெரியவர் கேட்பதற்கு முன்பே நெல்லிக்கனியைப் பறித்துவிட்டால்?

கேள்வி: வணக்கம் சார். தர்மபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, பழைய தகடூரை (இன்றைய தர்மபுரி) வைத்து, கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு ஃபேண்டஸி அட்வென்ச்சர் கேம் செய்கிறோம். முதல் குவெஸ்டில் (பிளேயர் முடிக்க வேண்டிய வேலையில்), கோட்டை வாசலில் நிற்கும் பெரியவர் மலை உச்சியில் உள்ள அதிசய நெல்லிக்கனியைக் கொண்டுவரச் சொல்வார். விளையாடிப் பார்க்கச் சொல்லி என் தம்பியிடம் கொடுத்தேன். அவன் பெரியவரைக் கண்டுகொள்ளாமல் நேராக மலையேறிக் கனியைப் பறித்துவிட்டான். திரும்பி வந்தால் பெரியவர் "கனியைக் கொண்டு வா" என்கிறார். கனி பையில் இருக்கிறது, மரத்தில் வேறு கனி இல்லை, கேம் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு பிரச்சினை: சேவ் செய்துவிட்டு மறுபடி திறந்தால், திறந்திருந்த கோட்டைக் கதவு மூடிக்கொள்கிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறிக்க 14 ஃபிளாக் வைத்திருக்கிறோம். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று உடைகிறது. குவெஸ்ட் சிஸ்டத்தை எப்படித்தான் கட்டுவது?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கேமை வெளியிட்ட பிறகு ஊரில் உள்ளவர்கள் எல்லாம் செய்யப்போவதை வீட்டிலேயே செய்து காட்டிவிட்டார். மலை கண்ணில் பட்டால் ஏறுவார்கள், கனி தொங்கினால் பறிப்பார்கள். பெரியவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும் என்ற வரிசை உங்கள் மனதில் இருக்கிறது, கேமில் இல்லை.

உங்கள் ஸ்கிரிப்டைப் பார்க்காமலே சொல்கிறேன்: 'கனி எடுக்கப்பட்டது' என்ற சிக்னல் (கேமின் ஒரு பகுதி மற்றவற்றுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்தால் குவெஸ்ட் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி எழுதியிருப்பீர்கள். அந்தச் சிக்னலுக்குக் காது கொடுக்க ஆரம்பிப்பதே பெரியவரிடம் பேசிய பிறகுதான். தம்பி பறித்தபோது சிக்னல் போனது, கேட்க ஆள் இல்லை. திருவிழா மைக்கில் காலையில் சொன்னது, சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியவர் காதில் எப்படி விழும்?

ஆகவே 'பறித்தாரா?' என்று கேட்காதீர்கள், 'வைத்திருக்கிறாரா?' என்று கேளுங்கள். குவெஸ்ட் தொடங்கிய நொடியில் பையைத் திறந்து பாருங்கள். கனி இருந்தால் அப்போதே அடுத்த கட்டம். இல்லையென்றால் சிக்னலுக்குக் காத்திருங்கள்; அது வந்ததும் மறுபடியும் பையைப் பாருங்கள். சிக்னலின் வேலை 'போய்ப் பார்' என்று நினைவுபடுத்துவது மட்டும்தான். ஸ்கைரிம் (2011) என்ற கேமில், ரிவர்வுட் என்ற ஊரின் கடைக்காரருடைய திருடுபோன தங்க நகத்தைத் தேடும் குவெஸ்டை நினைத்துப் பாருங்கள். கடைப்பக்கமே போகாமல் குகைக்குள் நுழைந்து நகத்தை எடுத்துவிட்டு, பிறகு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கான வசனத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பெரியவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: "நான் கேக்கறதுக்கு முன்னாடியே கையில வெச்சிருக்கியேப்பா!" முந்திக்கொண்ட பிளேயருக்கு அதுவே பரிசு போல இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஐந்து ஓநாய்களைக் கொல்' போன்ற குவெஸ்டுகளுக்குப் பையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செத்த ஓநாய் பைக்குள் வராது. இதற்கு எண்ணிக்கைதான் வழி. குவெஸ்டை ஏற்றுக்கொண்ட பிறகு கொன்றதை மட்டும் எண்ணுவது வழக்கம், அதில் தப்பில்லை, ஓநாய் திரும்பத் திரும்ப வரும். ஆனால் பெயர் வைத்த ஒரே ஒரு அரக்கன் என்றால், குவெஸ்ட் தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் செத்ததை உலகம் நிரந்தரமாகக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து அந்த 14 ஃபிளாக். ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை. 14 சேர்ந்தால் 16,384 சேர்க்கைகள். அதில் உங்களுக்கு அர்த்தமுள்ளவை பத்து இருக்கலாம். மீதி எல்லாம் பக் (பிழை) குடியிருக்கும் வீடு. ஃபிளாக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு குவெஸ்டுக்கு ஒரே ஒரு ஸ்டேஜ் எண் வையுங்கள். 0 என்றால் இன்னும் தொடங்கவில்லை, 10 என்றால் பெரியவர் கேட்டுவிட்டார், 30 என்றால் கனியைக் கொடுத்தாயிற்று. ஒரு நேரத்தில் ஒரு எண்தான் இருக்க முடியும் என்பதால், 'கனி கேட்கப்படவில்லை, ஆனால் கொடுத்தாயிற்று' மாதிரியான விபரீதம் பிறக்கவே வழியில்லை. எண்களை 1, 2, 3 என்று அடுக்காமல் இடைவெளி விட்டு வைப்பது ஸ்கைரிம் குவெஸ்டுகளிலும் பார்க்கலாம். நாளைக்கு நடுவில் ஒரு காட்சியைச் செருகத் தோன்றும், தோன்றாமல் இருக்காது. 'கனி கையில்' என்பதற்கு மட்டும் தனி ஸ்டேஜ் வேண்டாம். அதைப் பை சொல்லும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் என்றைக்காவது இரண்டும் இரண்டு விதமாகப் பேசும். ஸ்டேஜை மாற்றும் உரிமையும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குத்தான். காட்சி மாறினாலும் அழியாமல் இருக்க, ஸ்டேஜ் எண்ணை ஆட்டோலோடில் (கேம் ஓடும்வரை கோடோ எப்போதும் வைத்திருக்கும் பகுதியில்) வையுங்கள்.

கதவு ஏன் மூடிக்கொள்கிறது? கனியைக் கொடுத்த கணத்தில் 'கதவைத் திற' என்று ஒருமுறை கட்டளை போட்டிருப்பீர்கள். சேவ் செய்து திறந்தால் அந்தக் கணம் மறுபடி வராது, கதவு தன் பழைய நிலையில் நிற்கும். நம் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், தெரியும்தானே. நடுவில் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு விடியற்காலையில் வருகிறவருக்காக முதலிலிருந்து ஆடமாட்டார்கள். கட்டியக்காரன் வந்து நாலு வரியில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்று சொன்னால் போதும், அவர் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார். உங்கள் கதவுக்கும் அப்படி ஒரு கட்டியக்காரன் வேண்டும். காட்சி லோடு ஆகும்போதெல்லாம் கதவே ஸ்டேஜ் எண்ணைக் கேட்க வேண்டும்: 30 என்றால், சத்தமோ அனிமேஷனோ இல்லாமல், திறந்தபடியே நிற்க வேண்டும். பெரியவரும் அப்படியே; மரம் ஸ்டேஜ் எண்ணோடு பையையும் பார்க்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் குவெஸ்ட் சம்பந்தமாக சேவ் ஃபைலில் எழுத வேண்டியது குவெஸ்டின் அடையாளப் பெயர், ஸ்டேஜ் எண், எண்ணிக்கைகள், இவ்வளவுதான். பைக்குள் இருப்பவை எப்படியும் தனியாக சேவ் ஆகும்.

அடையாளப் பெயரைப் பற்றி என் சொந்த அனுபவம். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்த நாட்களில், ஒரு கேமில், திரையில் காட்டும் குவெஸ்ட் தலைப்பையே அதன் அடையாளமாகவும் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தலைப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். திங்கட்கிழமை எல்லாருடைய சேவிலும் அந்தக் குவெஸ்ட் காணாமல் போயிருந்தது. முழுக்க என் தப்புதான். தலைப்பு மாறும், அடையாளம் மாறக் கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி கனியைத் தின்றால்? கேலிக்குக் கேட்கவில்லை. புறநானூற்றின் 91-வது பாட்டே, தகடூரை ஆண்ட அதியமான் அந்த நெல்லிக்கனியின் பலனை வாய்விட்டுச் சொல்லாமல் ஔவைக்குத் தின்னக் கொடுத்ததைப் பற்றியதுதான். தானே தின்றிருக்கலாம், கொடுத்தான். பலர் சட்டென்று, 'குவெஸ்ட் பொருளைத் தின்னவோ விற்கவோ முடியாது' என்று பூட்டு போட்டுவிடுவார்கள். பெரும்பாலான குவெஸ்டுகளுக்கு அது சரிதான், நானும் அப்படித்தான் செய்வேன். இங்கே அப்படிச் செய்தால் கதையின் உயிரே போய்விடும். தின்ன முடியாத கனியைக் கொடுப்பதில் என்ன ஈகை இருக்கிறது? ஆகவே தின்ன விடுங்கள். ஸ்டேஜ் 90: கனி தின்னப்பட்டது. 0-விலிருந்தும் அங்கே போகலாம், 10-லிருந்தும் போகலாம். பெரியவர் முகம் வாடும். பதிலுக்கு வேறு வேலை சொல்வார். அதற்கும் நம் மண்ணிலேயே கதை கிடக்கிறது. தர்மபுரி வட்டார நடுகற்களில் எத்தனையோ, கவர்ந்துபோன மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களுக்கு நட்டவை. போய் மாடுகளை மீட்டு வரட்டும், ஸ்டேஜ் 100. கதவு 30-க்கும் திறக்கும், 100-க்கும் திறக்கும்.

பெரியவரையே வெட்டிவிட்டால்? மாரோவிண்ட் (2002) என்ற கேமில் கதைக்கு முக்கியமானவரைக் கொன்றால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குத் திரும்பு அல்லது இந்த நாசமான உலகத்திலேயே தொடர் என்று செய்தி வரும். நாலு வருடம் கழித்து வந்த அதன் அடுத்த கேமான ஆப்ளிவியனில் அப்படிப்பட்டவர்கள் மயங்கி விழுந்து எழுந்துகொள்வார்கள். மாரோவிண்டின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்று பேர் செய்யும் முதல் கேமுக்கு அது வேண்டாம். பெரியவரை அடிக்கவே முடியாதபடி விட்டுவிடுங்கள்.

மலைக்கு வழி காட்ட அம்புக்குறி போடுவதா என்று அடுத்து யோசிப்பீர்கள். போட்டால் பிளேயர் அம்பைப் பார்ப்பார், மலையைப் பார்க்க மாட்டார். "புளியமரம் தாண்டி, ஏரிக்கரை மேலேயே போய், சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்று பெரியவர் சொல்லட்டும். அந்தப் புளியமரத்தை மறக்காமல் அங்கே நட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் மாற்றிய பிறகு கேமை மறுபடியும் தம்பியிடமே கொடுங்கள். இந்த முறை கனியைப் பறித்துக்கொண்டு நேரே ஒகேனக்கல் போய் அருவியில் வீசிவிடுவார் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரியவர் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.