வயர்லெஸ் பிராட்பேண்ட்: வாடிக்கையாளர் கருவிகளை அனுமதிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் டவருடன் இணையும் வாடிக்கையாளர் ஆண்டெனாக்களை மேக் முகவரிகளின் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) பட்டியல் ஒன்றை வைத்தே அனுமதித்து வருகிறோம். இது போதாதா?

பதில்: போதாது. வைஃபை அடிப்படையிலான ரேடியோக்களில் டபிள்யூபிஏ2 குறியாக்கம் இருந்தாலும் மேக் முகவரி மறைக்கப்படாமலேயே செல்கிறது. அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் எவரும் தம் கருவியில் அதே முகவரியை இட்டு, பணம் கட்டுபவரின் பெயரில் உள்ளே வந்துவிடலாம். ரேடியோ இணைப்புக்கு டபிள்யூபிஏ2, அதன் மேல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை, அவற்றைச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் சர்வர் என்ற அமைப்பையே பரிந்துரைக்கிறேன். மேக் முகவரியை அடியோடு கைவிட வேண்டியதில்லை. கணக்கு எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்பதற்குத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரை ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியஸ் சர்வருடன் இணைத்திருக்கிறேன். பிங் போகிறது, அதாவது இரண்டும் ஒன்றையொன்று எட்டுகின்றன. ஆனால் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ரேடியஸ் சர்வர் பதில் தரவில்லை என்று லாக்கில் பதிவாகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிலருக்கு மட்டும் இப்படி வருகிறது என்பதிலேயே விடை இருக்கிறது; பெரும்பாலும் அவர்களுடைய கடவுச்சொல் தவறாக இருக்கும். கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்குபவர்களின் வேகத்தைக் குறைப்பதற்காக, ஃப்ரீரேடியஸ் தன் இயல்பு அமைப்பில் மறுப்புப் பதிலை மட்டும் 1 விநாடி தாமதித்தே அனுப்புகிறது. மைக்ரோடிக் ரவுட்டரோ ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 300 மில்லி விநாடிதான் காத்திருக்கிறது. ஆகவே, மறுப்பு வந்து சேர்வதற்குள் ரவுட்டர் பொறுமையிழந்து, சர்வர் செயலிழந்துவிட்டதாகவே கருதிவிடக்கூடும். காத்திருக்கும் நேரத்தை 2 விநாடியாக உயர்த்துங்கள். உண்மையான காரணம் லாக்கில் தெரியத் தொடங்கும்.

எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இதே பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, ரவுட்டரும் சர்வரும் ஒன்றையொன்று நம்புவதற்காக இரண்டிலும் இட்டிருக்கும் ரகசியச் சொல் ஒன்றாக இருக்கிறதா என்பதை. அது பொருந்தாவிட்டால், சர்வர் அனுப்பும் பதிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாமல் ரவுட்டர் அதைச் சத்தமின்றித் தூக்கியெறிந்துவிடும். ஃப்ரீரேடியஸை, நடப்பதை விரிவாகக் காட்டும் டீபக் முறையில் இயக்கிப் பாருங்கள். பிஏபி என்ற எளிய சரிபார்ப்பு முறையில் வரும் கடவுச்சொல் படிக்க முடியாத குறிகளாகத் தெரிந்தால் ரகசியச் சொல்லில்தான் பிழை. அறிமுகமில்லாத கருவியிலிருந்து கோரிக்கை வந்திருப்பதாகக் காட்டினால், ரவுட்டர் நீங்கள் பதிவு செய்யாத வேறொரு ஐபி முகவரியிலிருந்து பேசுகிறது என்று பொருள். கோரிக்கையே வரவில்லையென்றால் ஃபயர்வாலையும் ரேடியஸ் பயன்படுத்தும் 1812, 1813 ஆகிய யுடிபி போர்ட்களையும் பாருங்கள்.

கேள்வி: டவரில் மின்சாரம் போய் வந்த பிறகு, ஏற்கெனவே இணைப்பில் இருப்பதாகக் கூறிப் பலருக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. ஒரு கணக்குக்கு ஓர் இணைப்பு என்ற வரம்பை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். அந்த வரம்பு போனால் ஒரே கடவுச்சொல்லைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும். ரவுட்டரே அணைந்துவிடுவதால் இணைப்பு முடிந்தது என்ற செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்வதில்லை. முடிவு நேரம் எழுதப்படாத பழைய பதிவு தரவுத்தளத்தில் அப்படியே நிற்கிறது. இணைப்பு இன்னும் நடக்கிறது என்று ரவுட்டர் அறிவிக்கும் இடைக்காலக் கணக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரும்படி அமைத்து, 15 நிமிடமாகப் புதுப்பிக்கப்படாத பதிவுகளைத் தானாக மூடும் ஒரு சிறு பணியை சர்வரில் ஓட விடுங்கள்.

கேள்வி: கட்டணம் செலுத்தாதவரை அவர் மறுபடி இணையும்வரை காத்திராமல் உடனே துண்டிக்க முடியுமா?

பதில்: முடியும். ரேடியஸ் சர்வரிலிருந்து ரவுட்டருக்கு 3799 என்ற யுடிபி போர்ட்டில் துண்டிப்புக் கட்டளை அனுப்பலாம். மைக்ரோடிக்கில் உள்வரும் ரேடியஸ் கட்டளைகளை ஏற்கும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். அந்தப் போர்ட்டை உங்கள் சர்வரின் முகவரிக்கு மட்டுமே திறந்து வையுங்கள். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் என்ற பாதிப்பு, இடையில் புகுந்த ஒருவர் மறுப்புப் பதிலை அனுமதியாக மாற்றிவிட முடியும் என்று காட்டியது. எனவே இரு பக்க மென்பொருளையும் புதுப்பித்து, மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற சரிபார்ப்புக் கையொப்பம் இல்லாத செய்திகளை ஏற்க வேண்டாம் என்று அமைத்து, ரேடியஸ் போக்குவரத்தை வாடிக்கையாளர்களின் கைக்கு எட்டாத தனி விலேனில் (பிரித்து வைக்கப்பட்ட உள் வலையமைப்பு) வைத்துவிடுங்கள்.