கடலோரம் சமதளம் என்று யார் சொன்னது?

“உட்கார்ந்தே செய்யும் வேலை. உடற்பயிற்சிப் பழக்கம் கிடையாது. நான்கைந்து நாள் தொடர்ந்து நடக்கிற மாதிரி ஒரு பயணம் போக ஆசை. மலை என்றால் பயம். கடலோரம் சமதளமாக இருக்கும் என்பதால் அதில் தொடங்கலாமா, இல்லை ஆற்றோரமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆற்றோரம். பதில் அவ்வளவுதான், அவசரமாக இருப்பவர்கள் இத்துடன் கிளம்பலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். ‘கடலோரம் சமதளம்’ என்ற அதே வார்த்தையை ஒருநாள் நானும் சொன்னேன். பக்கத்தில் என் சித்தப்பா இருந்ததுதான் வினை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஷூ ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள். பச்சைப் புல்வெளி, கீழே நீலக் கடல், நடுவே ஒற்றையடிப் பாதை என்று ஒரு படம் கைப்பேசியில் இருக்கும். அந்தப் படத்தில் பாதை வளைந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் மறையும் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. படம் எடுத்தவர் அதை எடுத்த கையோடு அறுபது மீட்டர் கீழே இறங்கி, ஒரு ஓடையைத் தாண்டி, திரும்ப அறுபது மீட்டர் ஏறியிருப்பார். அடுத்த மேட்டிலும் அதே கதை.

கடல் சமதளம்தான். கரை அப்படி இல்லை. செங்குத்தான பாறைக் கரை உள்ள இடங்களில், நிலத்திலிருந்து வருகிற ஒவ்வொரு சின்ன ஓடையும் கடலில் விழும் இடத்தில் ஒரு பள்ளத்தாக்கை அறுத்து வைத்திருக்கும். கரையை ஒட்டிப் போகிற பாதை அத்தனையிலும் இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,014 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம். ஒரு குடாவைக்கூட விடாமல் எட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதனால் பாதையும் ஒன்றையும் விடாது. முழுவதையும் நடந்தால் ஏறுவது மட்டும் சுமார் 35,000 மீட்டர், கிட்டத்தட்ட நான்கு எவரெஸ்ட்.

இப்போது என் கதை. சித்தப்பாவோடு நடக்கப் போனதற்கு முந்தைய ஆண்டு நான் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி வந்திருந்தேன். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள், சுமார் 170 கிலோமீட்டர், பதினோரு நாள். அதன் பிறகு என்னிடம் பேசிய யாரும் ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பதினோரு நாளைப் பற்றிக் கேட்காமல் தப்பியதில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன். சித்தப்பா பணி ஓய்வு பெற்றவர், அப்போது அறுபத்து மூன்று வயது, வலது முழங்காலில் கொஞ்சம் தகராறு. “எனக்கு மலையெல்லாம் வேணாம்பா” என்றார். “கடற்கரைதானே சித்தப்பா, சமதளம்” என்று சொல்லித்தான் தென்மேற்குப் பாதையில் ஒரு வாரத்துக்கு அழைத்துப் போனேன்.

டெவன் பகுதியில் எர்ம் என்று ஒரு ஆறு கடலில் சேர்கிறது. பாதை அந்த முகத்துவாரத்தை அப்படியே குறுக்கே கடக்கிறது. பாலம் கிடையாது, படகும் கிடையாது. கடல் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும் தண்ணீரில் இறங்கி நடந்து போகலாம். அதைத் தவறவிட்டால் உள்ளே தள்ளியிருக்கும் பாலம் வரை போய்ச் சாலை வழியாகச் சுற்ற வேண்டும், பத்து கிலோமீட்டருக்கும் மேல்.

தங்கியிருந்த இடத்தில் ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், எழுதிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அன்று மதியம் 1.10க்கு வற்றம். நான் விவரமானவன் இல்லையா? அந்த நாட்டு ஓத அட்டவணைகளில் பல கிரீன்விச் நேரத்தில்தான் இருக்கும், கோடைக்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். “அப்படின்னா 2.10 சித்தப்பா. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு” என்றேன். “இந்த ஊர்க்காரங்க ஒட்டினதுல ஒரு மணி நேரம் தப்பாவா இருக்கும்?” என்று அவர் கேட்டார். கிரீன்விச் பற்றி ஒரு சிறிய சொற்பொழிவே ஆற்றினேன். தாளின் அடியில், பொடி எழுத்தில், ‘நேரங்கள் கோடைநேரத்துக்கு மாற்றப்பட்டவை’ என்று இருந்ததை அன்று இரவுதான் பார்த்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் பாதை என் பக்கம்தான் சாட்சி சொன்னது. நாஸ் மேயோ என்ற ஊரைத் தாண்டியதும் வருகிற தடம், 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு குதிரைவண்டியில் உலா போகப் போட்டது. வண்டிக்காகப் போட்ட பாதை, அதனால் வழுவழுவென்று போகும். “பார்த்தீங்களா?” என்று நான் இரண்டு தடவை கேட்டேன். அந்தத் தடம் முடிந்ததும் இறக்கம், ஏற்றம், இறக்கம், ஏற்றம். புல்சரிவில் ஏறும்போது குதிகால் தரையில் படாது. இறங்கும்போது கால்விரல் நகமெல்லாம் ஷூவின் மூக்கில் போய் முட்டும். சித்தப்பா முழங்காலுக்காகப் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினார். நான் முன்னால் போய் நிற்பேன், அவர் வந்து சேருவார், உடனே நான் கிளம்புவேன். அதாவது எனக்கு ஓய்வு, அவருக்கு இல்லை. கூட்டமாக நடப்பவர்கள் எல்லாரும் செய்கிற இந்த அநியாயத்தை நானும் செய்தேன்.

நடை நேரத்தைக் கணக்கிட நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892லேயே ஒரு வழி சொல்லி வைத்திருக்கிறார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நான் முதல் பாதியை மட்டும் போட்டேன், கடலோரத்தில் என்ன ஏற்றம் என்று. அவருடைய கணக்கிலேயே உட்கார்ந்து எழும் நேரம் கிடையாது, முழங்கால் வலியும் கிடையாது.

ஆற்றங்கரை போய்ச் சேரும்போது மணி 2.45. என் கணக்குப்படி வற்றம் முடிந்து முப்பத்தைந்து நிமிடம்தான். ஷூ கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் அளவு. மணல் வரிவரியாக உள்ளங்காலில் தட்டியது, தண்ணீர் நல்ல குளிர். இருபது முப்பது அடி வைத்ததும் கெண்டைக்கால். அக்கரை ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது. சித்தப்பா இன்னும் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, ஆறு கடலுக்குத்தானே போகணும்?”

“ஆமா சித்தப்பா, வாங்க.”

“இந்தப் பாசி உள்ள போவுது பாரு.”

பார்த்தேன். கையகலக் கடற்பாசி ஒன்று, கடல் பக்கத்திலிருந்து வந்து என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, மேட்டுப் பக்கமாக, ஆற்றுக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்காலைச் சுற்றிக்கொண்டு என்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன், நான் நின்ற இடத்திலேயே தண்ணீர் கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்திருக்கிறது. அப்போதும் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, “இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கு” என்றேன். “தண்ணிகிட்ட வாட்ச்சைக் காட்டினா ஒதுங்கிடுமா? வா இந்தப் பக்கம்” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பினேன். பதினைந்து நிமிடத்தில் நான் நின்ற இடத்தில் தரை தெரியவில்லை. அடுத்த வற்றம், மதியம் 1.10க்கு வந்ததிலிருந்து சுமார் பன்னிரண்டரை மணி நேரம் கழித்து, அதாவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. சாலை வழியாகச் சுற்றினோம். இரு பக்கமும் ஆள் உயர வேலி, நடுவே ஒரு கார் மட்டும் போகிற தார்ச்சாலை, கடலும் தெரியாது ஆறும் தெரியாது. கடைசி மூன்று கிலோமீட்டர் அவருடைய பையையும் நானே சுமந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

சரி, இதைப் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள், எனக்குத் தெரியும். “மோன் பிளாங் சுற்றில் 10,000 மீட்டர் ஏற்றம், கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் கடலோரத்தைவிட மலையில்தானே அதிகம்?” என்பார்கள். ஆமாம், அதிகம்தான். கிலோமீட்டருக்கு அங்கே அறுபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இங்கே முப்பத்தைந்து. மலை எளிது என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் மலையில் பெரும்பாலும் காலையில் ஒரு கணவாய்க்கு ஏறுவோம், மதியத்துக்கு மேல் இறங்குவோம். எவ்வளவு ஏற வேண்டும் என்பது கிளம்பும்போதே தலைக்கு மேலே நிற்கும், மனசு தயாராகிவிடும். கடலோரம் அதைச் சில்லறையாக மாற்றி நாள் முழுக்க வாங்கும். இன்னும் சிலர், “நாங்கள் போன கடற்கரை முழுக்க மணல், ஒரு மேடுகூட இல்லை” என்பார்கள். நல்லது. மென்மணலில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துப் பேசுங்கள்.

நான் சொல்ல வருவது சரிவைப் பற்றியே இல்லை. அந்தப் பாதையில் யாருடைய நேரத்துக்கு நடக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். கனடாவில் வான்கூவர் தீவின் மேற்குக்கரைத் தடம் 75 கிலோமீட்டர்தான். 1906இல் வலன்சியா என்ற கப்பல் உடைந்து ஏராளமானோர் இறந்த பிறகு, கரை ஒதுங்குபவர்களைக் காப்பாற்றுவதற்காகச் சீரமைத்த வழி. அங்கே இன்றும் ஓத அட்டவணை இல்லாமல் நடக்க முடியாது. சில இடங்களில் கடல் ஏறிவிட்டால் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். உயர்ந்த மலைகளில் பனிக்கட்டி உருகி வருகிற ஓடைகளும் இப்படித்தான். விடியற்காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறிப் பனி உருகிய பிறகு தொடையளவுக்கு வந்து நிற்கும். அதனால்தான் அவற்றைக் காலையிலேயே கடந்துவிடு என்பார்கள். அனுபவசாலிக்கு இதெல்லாம் பழகிவிடும். முதல் பயணத்திலேயே உங்களுக்கு எதற்கு?

அதனால்தான் ஆறு. அதுவும் படகுப் போக்குவரத்து இருந்த பழைய ஆறு கிடைத்தால் உத்தமம். தேம்ஸ் பாதை சுமார் 300 கிலோமீட்டர். பெரும்பகுதி, பாரப்படகுகளைக் கரையிலிருந்து குதிரை கட்டி இழுத்த காலத்துத் தடம். பாரம் இழுக்கிற குதிரையை மேட்டில் யாரும் ஏற்ற மாட்டார்கள். ஊற்றிலிருந்து கடல்மட்டம் வரை ஆறு இறங்குவதே மொத்தம் நூறு மீட்டர் சொச்சம். நீங்கள் அரை மணி நேரம் மரத்தடியில் படுத்துவிட்டு எழுந்தாலும் ஆறு எதையும் மூடிவிட்டுப் போகாது. கால் வலித்தால் அடுத்த பாலத்தில் ஊருக்குள் ஏறி வண்டி பிடித்துவிடலாம். வெள்ளக் காலத்தில் மட்டும் போகாதீர்கள். அலுப்பாக இருக்குமா என்றால், மூன்றாம் நாள் கொஞ்சம் இருக்கும். ஒரே மாதிரியான வில்லோ மரம், ஒரே மாதிரியான மதகு. பொறுத்துக்கொள்ளலாம்.

சாமான் பற்றியும் கேட்பீர்கள். எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955இல், அறுபத்தேழு வயதில், அப்பலாச்சியன் தடத்தின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் துணி ஷூவோடு, கையால் தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். ஆகவே விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். ஷூவை மட்டும் கிளம்புவதற்கு முன் ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். இறக்கத்துக்கு ஊன்றுகோல் இரண்டு. கூடாரம் கடன் வாங்கலாம், ஆனால் தயவுசெய்து காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள். என் பெரியப்பா மகன் ஒருத்தன் என்னுடைய கூடாரத்தை இரண்டு நாளைக்கு என்று வாங்கிப் போனான். நனைந்ததை அப்படியே உருட்டி உறையில் திணித்து, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து வைத்தான். திறந்தால் முழுக்கக் கரும்புள்ளியாய்ப் பூஞ்சை, நாலு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. கேட்டதற்கு, “கூடாரம்னா நனையத்தானே செய்யும் அண்ணா?” என்றான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். எங்கேயாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்த வாரத்தின் மற்ற நாட்களை ஒழுங்காகவே நடந்து முடித்தோம். தினமும் காலையில் ஓதத் தாளைச் சித்தப்பாதான் வாசித்தார், பொடி எழுத்திலிருந்து தொடங்கி. நடந்த இடங்களையெல்லாம் ஊர் திரும்பியபின் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். எர்ம் ஆற்றங்கரைக்கு வந்ததும் கோடு நின்றுவிடும். அக்கரையிலிருந்து மறுபடி தொடங்கும். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் நீலம்.