வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்க

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உறவுமுறைக் கடிதம் எழுதச் சொன்னால், வகுப்பு மொத்தமும் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி நாலே வரியில் 'மற்றவை நேரில்' என்று முடித்துவிடுகிறது. நடுவில் எழுத ஒன்றுமில்லை என்கிறார்கள். (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: அமைப்பை முதலில் சொல்லிக்கொடுப்பதால் வரும் வினை இது. கரும்பலகையில் இடம், நாள், விளி ('அன்புள்ள மாமா' என்பது போல அழைக்கும் வரி), இப்படிக்கு என்று எழுதிப்போட்டதும் பிள்ளைகள் அதை ஒரு படிவமாக எடுத்துக்கொண்டு நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அமைப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

முதல் பாடவேளையில் யாருக்கு எழுதுவது என்பதை மட்டும் முடிவு செய்யட்டும். 'மாமாவுக்கு' என்றால் போதாது. எந்த ஊர் மாமா, கடைசியாக எப்போது பார்த்தது என்பது வரை தெரிய வேண்டும். கற்பனை மாமா வேண்டாம். உண்மையாகவே முகவரி உள்ள மாமாவாக இருக்கட்டும். அவர் இப்போது வாசலில் வந்து நின்றால் என்னென்ன கேட்பார்? ஐந்து கேள்விகளை அவர் பேசுவது போலவே எழுதச் சொல்லுங்கள். 'ஆடு குட்டி போட்டுருச்சா?', 'அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?' என்று வரும். அவற்றில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியத்தில் பதில் எழுதினால் கடிதத்தின் நடுப்பகுதி கிடைத்துவிடும். ஐந்துக்கும் பதில் எழுத விடாதீர்கள். எல்லாம் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது பாடவேளையில் நோட்டுகளை மாற்றிக்கொள்ளட்டும். படிப்பவருக்கு எந்த வரி கண்முன் தெரியவில்லையோ, அதன் கீழ் பென்சிலால் கோடு போட வேண்டும். 'எங்கள் ஊரில் நல்ல மழை. பயிர்கள் சேதமடைந்தன' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். இது செய்தித்தாள் வாசகம். என்ன சாய்ந்தது, எத்தனை, யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இப்படி மாறும்:

'வெள்ளிக்கிழமை ராத்திரி பெய்த மழையில் கிணற்றடி வாழை மூன்றும் சாய்ந்துவிட்டன. ஒன்று குலை தள்ளியிருந்தது. அம்மா அந்தப் பிஞ்சுக் காயை வெட்டி வந்து பொரியல் செய்தார். நீங்கள் நட்ட கன்று என்று சொல்லி ஆத்தா அதைத் தொடவே இல்லை.'

அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'நீங்கள் நட்ட கன்று' என்ற மூன்று சொல் இந்தக் கடிதத்தை அந்த ஒரு மாமாவுக்கே உரியதாக்கிவிடுகிறது. உறவுமுறைக் கடிதத்தில் நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

முடிக்கும் இடத்தில் அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும். 'எப்போது வருவீர்கள்?' என்பது யாருக்கும் பொருந்தும். 'பக்கக்கன்றை இப்போதே பெயர்த்து நடலாமா, தை வரை பொறுக்கணுமா?' என்று கேட்டால் பதில் வரும். 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தடை செய்ய வேண்டியதில்லை. அழகான பழைய வழக்கு அது. ஒரு வரியோடு நின்றால் சரி.

கேள்வி: தேர்வில் அமைப்புக்காக மதிப்பெண் குறைகிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்? (பெற்றோர், ஈரோடு)

பதில்: வலது மேல் மூலையில் இடமும் அதன் கீழ் நாளும். இடது ஓரத்தில் விளி, காற்புள்ளியோடு. செய்தியைக் குறைந்தது மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும். முடிவில் 'இப்படிக்கு', 'தங்கள் அன்புள்ள', பெயர் ஆகியவை தனித்தனி வரிகளில். கடைசியாகக் கட்டம் போட்டு உறைமேல் முகவரி. பலரும் மறப்பது இந்தக் கட்டத்தைத்தான். அலுவல் கடிதத்துக்குரிய அனுப்புநர், பெறுநர், பொருள் மூன்றையும் இதற்குள் கொண்டுவருவது இன்னொரு பிழை. வினாத்தாளில் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அவற்றையே எழுத வேண்டும். சொந்தப் பெயரை எழுதக் கூடாது.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பேசுவது போலவே எழுதுகிறான். திருத்தலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: யாராவது பேசியதை எழுதும்போது பேச்சுவழக்கு இருக்கட்டும், மற்ற இடங்களில் எளிய எழுத்து நடை போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது மரியாதைச் சொல். 'நீங்கள்' என்று தொடங்கி, நடுவில் 'தாங்கள்' ஆகி, கடைசியில் 'உன்' என்று முடியும். தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்து தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அத்தை, மாமாவுக்கு 'நீங்கள்'தான் இயல்பு. 'மாமாவிற்க்கு', 'அதற்க்கு' என்பவை மிகப் பரவலான பிழைகள். 'ற்' வந்தபின் இன்னொரு மெய்யெழுத்து வராது: மாமாவிற்கு, அதற்கு. ஒரு கடிதத்தில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் திருத்தாதீர்கள். தாள் முழுதும் சிவப்பு மை இருந்தால் அடுத்த கடிதம் நாலு வரிதான் வரும்.

கேள்வி: தாத்தாவை இழந்த நண்பனுக்கு எழுத வேண்டும். என் மகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 'நலம், நலமறிய ஆவல்' என்று பழக்கத்தில் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அந்த வரி புண்படுத்தும். ஐந்தாறு வாக்கியம் போதும். செய்தி தெரிந்ததும் வருந்தியதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து அந்தத் தாத்தாவைப் பற்றி மகளுக்கு நினைவிருக்கும் ஒன்று: 'நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துத் தருவார்.' பிறகு தன்னால் ஆகிற ஓர் உதவி: 'நீ வராத ஐந்து நாள் கணக்குப் பாடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.' 'அழாதே', 'தைரியமாக இரு', 'காலம் ஆற்றும்' மூன்றும் வேண்டாம். அழுகிற பிள்ளைக்கு அவை கட்டளையாகத்தான் கேட்கும்.

கேள்வி: வகுப்பில் எழுதியதை உண்மையாகவே தபாலில் அனுப்ப நினைக்கிறோம். எதை வாங்குவது? (தலைமை ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: மடித்து ஒட்டி அனுப்பும் இன்லேண்ட் லெட்டரே இந்த வயதுக்கு ஏற்றது. விலை 2 ரூபாய் 50 காசு. 50 காசு அஞ்சலட்டையில் இடம் போதாது, வழியில் எல்லோரும் படிக்கலாம் என்ற கூச்சமும் பிள்ளைகளுக்கு இருக்கும். முதலில் சாதாரணத் தாளில் எழுதித் திருத்திவிட்டு, பிறகு படியெடுக்கட்டும். பந்துமுனைப் பேனா நல்லது; மை பேனா என்றால் தாளில் ஊறிப் பின்பக்கம் தெரியும். பசை தடவும் மடிப்போரத்தில் எழுதினால், பிரிக்கும்போது அந்த வரி கிழிந்துபோகும். எழுதும் முன் அங்கே பென்சில் கோடு போட்டுக்கொள்ளலாம். உள்ளே போட்டோ, காசு எதுவும் வைக்கக் கூடாது. போட்டோ வைக்க வேண்டுமானால் 5 ரூபாய் உறை வாங்குங்கள்.

முகவரியில் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், மாவட்டம் என்ற வரிசை. ஆறு இலக்கப் பின்கோடு கட்டாயம். தமிழ்நாட்டு எண்கள் 6-இல் தொடங்கும். வேறு எண்ணில் தொடங்கியிருந்தால் வீட்டில் ஒருமுறை கேட்டுவரச் சொல்லுங்கள். பெயரோடு ஊர் மட்டும் எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், முகவரி சேகரிக்க ஒரு வாரம் விடுங்கள். அனுப்புநர் இடத்தில் பள்ளி முகவரியை வகுப்பும் பிரிவும் சேர்த்து எழுதினால், வரும் பதில்கள் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.