ஹோம் நவுன்தானே, பிறகு ‘கோ டு ஹோம்’ ஏன் தப்பு?

எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சும் (சொல் வகைகள்) மனப்பாடம், ஆனாலும் ‘ஐ கோ டு ஹோம்’ தப்பு என்கிறார்கள், ‘கோ டு ஸ்கூல்’ மட்டும் எப்படிச் சரி, இரண்டுமே நவுன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தமிழ் வழியில் படித்தவராகத்தான் இருப்பீர்கள். யாரோ நாலு பேர் முன்னால் திருத்தியிருக்கிறார்கள். சரியா?

விடை சின்னது. அந்த இடத்தில் ஹோம் நவுன் (பெயர்ச்சொல்) இல்லை, அட்வெர்ப், அதாவது எங்கே, எப்படி என்று வினையை விவரிக்கும் சொல். அதன் பொருள் ‘வீடு’ இல்லை, ‘வீட்டுக்கு’. ‘க்கு’ உள்ளேயே இருக்கும்போது இன்னொரு டு எதற்கு? ஸ்கூலுக்குள் அந்த ‘க்கு’ இல்லை, அது வெறும் நவுன், அதனால் அதற்கு டு வேண்டும். ‘மை ஹோம்’ என்றால் அதே சொல் மறுபடி நவுன் ஆகிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, அவமானப்பட்டு. ஏழாம் வகுப்பில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள்: அட்ஜெக்டிவோடு (நவுனை விவரிக்கும் சொல்) ‘லி’ சேர்த்தால் அட்வெர்ப். ஸ்லோ, ஸ்லோலி. அதை அப்படியே நம்பி, பல வருடம் கழித்து ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, சம்பள உயர்வுப் படிவத்தில் ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹார்ட்லி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல வந்தேன். ஹார்ட்லி என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்கிற அளவுக்குக் குறைவு. மேனேஜர் அதை மீட்டிங்கில் சத்தமாகப் படித்தார். “மூணு வருஷமா வேலையே பாக்கலன்னு இவரே எழுதிக் கொடுத்துட்டாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

ஹார்ட் என்பது ‘ஹார்ட் வொர்க்’கில் அட்ஜெக்டிவ், ‘வொர்க் ஹார்ட்’டில் அட்வெர்ப். உருவம் மாறவே இல்லை. ஃபாஸ்டும் அப்படித்தான். தலைகீழாக, ஃப்ரெண்ட்லி என்பதில் லி இருந்தும் அது அட்ஜெக்டிவ். விதியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சரியாக வரும். ஆசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நம் மொழியில் ‘அக்கா பூனையை விரட்டினாள்’ என்பதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் யார் யாரை விரட்டியது என்று தெரியும். பூனையோடு ஒட்டியிருக்கும் ‘ஐ’ காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி விகுதிகள் இருந்தன; நூற்றாண்டுகளில் பெரும்பாலும் தேய்ந்து போயின. அதனால் இப்போது சொல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நாமோ இங்கிலீஷ் சொல்லை எடுத்தால் ஒரு ‘பண்ணு’ ஒட்டாமல் வினையாக்க மாட்டோம்: செக் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு. அவர்களுக்கு அந்த ஒட்டு தேவையில்லை. ரவுண்ட் என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். ‘ரவுண்ட் டேபிள்’ அட்ஜெக்டிவ், ‘செகண்ட் ரவுண்ட்’ நவுன், ‘டர்ன் ரவுண்ட்’ அட்வெர்ப், ‘ரவுண்ட் த கார்னர்’ ப்ரிப்போசிஷன், கணக்கில் நாங்கள் தினமும் செய்யும் ‘ரவுண்ட் த ஃபிகர்’ வெர்ப்.

எனவே சொல்லைத் தனியாகப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். முன்னால் ‘த’, ‘மை’ இருந்தால் அந்தத் தொடரில் எங்காவது ஒரு நவுன் வரப்போகிறது. ‘வெரி’ போட முடிந்தால் அட்ஜெக்டிவோ அட்வெர்போ. இதற்கும் விலக்கு உண்டு, ‘வெரி மெயின் ரோடு’ என்று சொல்ல முடியாது. எட்டு என்ற எண்ணையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அது கிரேக்க, லத்தீன் இலக்கணங்கள் வழியாக வந்த கணக்கு. லத்தீனில் ‘த’ போன்ற ஆர்ட்டிகிளே கிடையாது. அந்த அச்சில் வார்த்ததால்தான் பள்ளிப் புத்தகங்கள் ‘த’வை அட்ஜெக்டிவுக்குள் திணித்தன, இன்றைய இலக்கணக்காரர்கள் அதற்கு டிடெர்மினர் என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த அதே மேனேஜர் ஒவ்வொரு மெயிலிலும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றுதான் எழுதுவார். டிஸ்கஸுக்கு அபௌட் தேவையே இல்லை. அதை யாரும் மீட்டிங்கில் படிக்கவில்லை. மார்ச் கணக்கு முடிப்புக்கு மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவன் நான். அந்த வருடம் எனக்கு உயர்வு போடவில்லை.