'தகவல் திரட்டப்படுகிறது' என்ற பதிலுக்குப் பிறகு என்ன செய்வது?

வணக்கம். உங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம் பற்றி உங்கள் மக்களவை உறுப்பினர் எழுத்து மூலம் கேட்ட வினாவுக்கு, 'தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்' என்று மட்டும் அமைச்சர் பதிலளித்ததால் விஷயம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முடியவில்லை, அந்த ஒற்றை வரிதான் உங்கள் பிடி.

நட்சத்திரக் குறியிடப்படாத வினாக்களுக்கு, அதாவது இதுபோல எழுத்து மூலம் மட்டுமே பதில் தரப்படும் வினாக்களுக்கு, அவையில் துணைக்கேள்வி எழுப்ப இயலாது என்பது உண்மையே. ஆனால் அமைச்சர் அளித்த அந்த வாசகம் மரபுப்படி உறுதிமொழியாகக் கொள்ளப்படுகிறது. அதை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும், இயலாவிட்டால், அமைச்சர்களின் உறுதிமொழிகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்கும் மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழுவிடம் காரணம் கூறிக் கால நீட்டிப்புப் பெற வேண்டும். அமைச்சர்கள் எவரும் இடம்பெற முடியாத, 15 உறுப்பினர்களைக் கொண்ட அந்தக் குழு, தேவைப்பட்டால் அமைச்சக அதிகாரிகளை நேரில் அழைத்தே விசாரிக்கும். ஆகவே வினா எண்ணையும் பதில் தேதியையும் குறிப்பிட்டு, உறுதிமொழி எந்த நிலையில் உள்ளது என்று விசாரிக்கும்படி உங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தொடருக்கான வினாவை இன்னும் கூர்மையாக அமைப்பது மிக முக்கியம். 'பணி தாமதமாவது அரசுக்குத் தெரியுமா?' என்று கேட்டால் 'தெரியும்' என்பதோடு நழுவிவிடுவார்கள். ஒப்புதல் அளித்த ஆண்டு, ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, ஒப்பந்தப்புள்ளி கோரிய தேதி ஆகியவற்றைத் தனித்தனி உட்பிரிவுகளாகக் கேட்கச் சொல்லுங்கள். வினா 150 சொற்களைத் தாண்டக் கூடாது, குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்பும் தர வேண்டும். அணுகுசாலைக்கான நிலம் கையகப்படுத்துவது மாநில அரசின் பொறுப்பில் இருந்தால், அந்தப் பகுதியை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் சட்டப்பேரவையில் கேட்பதே முறை.